கருப்புப் பெயிண்டுக்கு அடியில் உளுந்துத் தண்டு

பெயிண்ட் அடிப்பது பழுது பார்ப்பது ஆகாது. இதைக்கூட எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் என் வேலைக் காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. ஓய்வு பெற்றபின் மகள் வீட்டு வாசலிலும் அதையே சொல்லவேண்டி வந்தது.

எங்கள் பணிமனையில் வேலை பார்த்தவர்களும் இப்போது பார்க்கிறவர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. சில நாளைக்கு முன் ஒரு தம்பி கேட்டிருந்தான். "தனம் அக்கா, மகளோட காருக்கு வீட்டு வாசல்லயே முன்பக்க சஸ்பென்ஷன் மாத்துனீங்களாமே. போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு இறுகிக் கெடந்துச்சாமே. எங்களுக்கெல்லாம் அப்படி வந்தா கேஸ் வெச்சு அறுத்துப் போட்டுடறோம். நீங்க எப்படி எடுத்தீங்கன்னு எழுதுங்களேன்."

எப்படி எடுத்தேன் என்று எழுதுகிறேன் தம்பி. ஏன் எடுக்க வேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுவேன். முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம் என்றால் படிக்காதே.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்திருந்தேன். கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்கு வந்தது. முதல் நாள் என்னைக் கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தபால் பிரிக்கச் சொன்னார்கள். நான் படித்தது தபால் பிரிக்கவா என்று கேட்டேன். சிரித்தார்கள். ஒரு வருடம் விடாமல் கேட்டேன். கேட்கிற தொல்லை தாங்காமல்தான் என்னைப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே பழகியது, கை காய்த்தது, ஆண்கள் "தள்ளுங்கம்மா" என்றபோதெல்லாம் தள்ளாமல் நின்றது எல்லாம் ஒரு பெரிய கதை. அதை இங்கே நீட்டவில்லை.

ஆனால் அந்தப் பணிமனையில் இருந்த ஓர் அதிகாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். பொறியாளர் என்றே வைத்துக்கொள்வோம். குரல் உயர்த்திப் பேசவே மாட்டார். எல்லாரையும் "வாங்க, சொல்லுங்க" என்பார். என்னை "அம்மா" என்பார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாது. பட்டறைக்குள் வந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடியே நடப்பார், கைகழுவிவிட்டுத் துண்டு தேடுகிற ஆள் மாதிரி. கிரீஸ் எங்கேயும் பட்டுவிடக் கூடாது. அவர் திட்டி நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பதில் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

தை மாதம் திருவையாற்றில் ஆராதனைக் கூட்டம். சிறப்புப் பேருந்துகள் விட வேண்டும். ஒரு வண்டியின் ஓட்டுநர் என்னிடம் வந்து, "கைய லேசா விட்டா வண்டி தானா வாய்க்கா பக்கம் போவுதுக்கா" என்றார். அடியில் போய்ப் பார்த்தேன். முன் சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு பிணைக்கிற டை ராடு எண்டு தேய்ந்து, கையால் ஆட்டினாலே லொடலொடவென்று ஆடியது. அது கழன்றால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத்தான் போகும். மாற்றுச் சாமான் கையிருப்பில் இல்லை. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

பொறியாளர் வந்தார். உள்ளங்கைகள் நெஞ்சுக்கு நேரே.

"வண்டிய நிறுத்த முடியாதும்மா. கூட்டத்தைப் பாத்தீங்கல்ல. கிரீஸ் நல்லா அடைச்சு, மேல ஒரு கோட்டு கருப்புப் பெயிண்ட் அடிச்சு விடுங்க. பாக்க நல்லா இருந்தா போதும். ஏறுறவங்களுக்குத் தெரியவா போகுது?"

எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. அவர் போனபின் அந்தச் சாமானைக் கழற்றி, என் சாப்பாட்டுக் கூடையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். தேடிக்கொண்டு அவரே வந்தார். கேன்டீனே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் மாட்டித் தர்றேன் சார். நீங்க முன் சீட்டுல உக்காந்து திருவையாறு வரைக்கும் போயிட்டு வாங்க. உங்க வீட்டு அம்மாவையும் கூட்டிக்குங்க" என்றேன்.

அப்போதும் சிரித்தார். ஆனால் ஏறவில்லை. வண்டியும் போகவில்லை. அடுத்த மாதம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கொடுக்கும்போதும் அதே சிரிப்பு. "கடல் காத்து உங்களுக்கு ஒத்துக்கும்மா" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாற்றியது திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. உப்புக் காற்றும் வயல் சேறும் சேர்ந்து இரும்பை எப்படித் தின்னும் என்பதை அங்கேதான் பார்த்தேன். ஒரு போல்ட்டும் சுலபத்தில் வராது. என்னோடு அங்கே வேலை பார்த்தவர் பஷீர் பாய். என் வயதுதான். முத்துப்பேட்டைக்காரர். அவருடைய அண்ணன் தம்பியெல்லாம் வளைகுடாவில். இவர் மட்டும் ஊரைவிட்டு நகரமாட்டேன் என்று இங்கேயே இருந்தவர். இறுகிய போல்ட் முன்னால் உட்கார்ந்தால் அவசரமே படமாட்டார். டீ குடிப்பார், போல்ட்டைத் தட்டுவார், காது வைத்துக் கேட்பார்.

"கத்துச்சுன்னா வரும் தனம். கத்தாம, மெத்துன்னு திரும்புச்சுன்னா உடனே கைய எடுத்துடு. அது கழலல, முறியப் போவுது" என்பார். "கோவத்த வெளிய வெச்சுட்டு வா" என்றும் சொல்வார். கோபத்தை வெளியே வைக்க எனக்கு என்றைக்கும் வரவில்லை. அவர் சொன்னதில் மற்றதெல்லாம் வந்தது.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் கணவர் காலமான பிறகு மகள் கவிதாவோடு இருக்கிறேன். திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். மாப்பிள்ளை செந்தில் விவசாயம் பார்க்கிறார். கவிதா தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காரில்தான் போய்வருகிறாள். பேத்தியின் பள்ளியும் தஞ்சாவூரில்தான். அம்மாவும் மகளும் ஒன்றாகப் போவார்கள். வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று வரிசையாகப் பாலங்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற மாமியாருக்கு வாய் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அதை மதித்தே நடந்தேன். மாப்பிள்ளை வந்தால் எழுந்துகொள்வேன். "வாங்க, சாப்பிடுங்க" என்பதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன். பொறியாளரை எதிர்த்து நின்ற தனமா இது என்று என் பழைய சிநேகிதிகள் கேலி செய்வார்கள். மகள் நிம்மதியாக இருந்தால் சரி என்று இருந்தேன்.

டெல்டாக்காரர்களுக்கு உளுந்து அடிக்கிற விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பா அறுப்பதற்கு முன் அந்த ஈரத்திலேயே உளுந்து தெளித்துவிடுவோம். பங்குனியில் செடியைப் பிடுங்கிக் காயவைத்துத் தார்ச்சாலையில் பரப்புவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். அந்த மாதம் எங்கள் ஊர்ச் சாலை முழுக்கக் களம்தான். வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். எங்கள் மாப்பிள்ளைக்கு ஊரான் வண்டி வரும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. சொந்தக் காரையே எடுத்து, பரப்பிய செடிமேல் முன்னும் பின்னுமாக ஓட்டுவார். வருடா வருடம். காய்ந்த தண்டும் கொடியும் சக்கரத்தோடு சுற்றி மேலே ஏறி, அடியில் இருக்கிற ஒவ்வொரு மூட்டிலும் போய் இறுக்கிக்கொள்ளும். ஐப்பசி மழையில் அது நனைந்த சணல் மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரப்பர் உறை கிழியும், மண் உள்ளே போகும், போல்ட் துருவேறும். காரை வைத்து உளுந்து அடிக்கிற புத்திசாலித்தனம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஆடியில் முன்பக்கம் சத்தம் கேட்கிறது என்று கவிதா சொன்னாள். அப்போது எனக்குக் கண்புரை அறுவை ஆகி, கண்ணில் கட்டு. குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைதான் வண்டியை வழியில் உள்ள ஒரு பட்டறையில் விட்டு, அன்று மாலையே எடுத்துவந்தார். "ரெண்டு பக்கமும் எல்லாம் புதுசு அத்தை. ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், எல்லாம்" என்றார். சத்தமும் நின்றிருந்தது. நம்பினோம்.

மாசிக் கடைசியில் சத்தம் திரும்பி வந்தது. வேகத்தடையில் இறங்கினால் டொக். "பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்குதும்மா" என்றாள் கவிதா. மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, "அதான் ஆடியிலயே எல்லாம் மாத்தியாச்சே. ரோடு சரியில்ல, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் வயலுக்குப் போனபின் நான் ஜாக்கை எடுத்தேன். வலது முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் கட்டைகளை அடுக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் கன்னங்கரேலென்று பளபளத்தது. பார்த்தால் புதுசுதான். கடப்பாரையை, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கிற லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்புக்கும் நடுவில் கொடுத்து லேசாக நெம்பினேன். சக்கரத்தை ஆர்மோடு சேர்த்துப் பிடிக்கிற பால் ஜாயின்ட் டொக்கென்று மேலே எழும்பி இறங்கியது. மேலே எழும்பி இறங்குகிற பால் ஜாயின்ட் என்றைக்கு வேண்டுமானாலும் கழன்று வரும். கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். அது எந்தப் பாலத்தில் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கிற குறுக்குப் போல்ட்டைப் பார்த்தேன். அதன் தலையைச் சுற்றிப் புடைப்பாக ஏதோ தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் உரிந்து வந்தது. அடியில் காய்ந்த உளுந்துத் தண்டு, போல்ட்டின் தலையை முக்கால் சுற்று சுற்றிக்கொண்டு கிடந்தது. தண்டின் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அந்தப் போல்ட்டில் யாராவது ஸ்பேனர் வைத்திருந்தால் தண்டு அங்கே இருந்திருக்காது. ஸ்பேனர் வைக்கவே இல்லை. துடைக்கக்கூட இல்லை. குப்பையோடு சேர்த்துக் கருப்பு அடித்துக் கொடுத்திருக்கிறான். அந்த வண்டியில் என் மகளும் பேத்தியும் ஆடியிலிருந்து தினமும் பாலம் தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள். கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்சநேரம் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்டை உரித்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"நாளையிலேர்ந்து பஸ்ல போ" என்று கவிதாவிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஏன் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் கேட்டார். பால் ஜாயின்ட் போய்விட்டது, நானே மாற்றப் போகிறேன் என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த வேலை? இந்த வயசுல கார் அடியில படுத்தா தெருவுல என்ன சொல்லுவாங்க? நான் மெக்கானிக்கக் கூட்டியாறேன்."

"எந்த மெக்கானிக்க மாப்பிள்ளை? ஆடியில பாத்தாரே, அவரையா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். மாமியார் எதிர்த்துப் பேசிவிட்டாளே என்ற கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சாமான்களைத் தஞ்சாவூரில் வாங்கினேன். இரண்டு பக்கத்துக்கும் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், சுருள் ஸ்பிரிங், புதிய போல்ட் நட்டுகள். இங்கே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சுருள் ஸ்பிரிங்கை வீட்டில் வைத்து அமுக்கிப் பூட்டப் பார்க்காதீர்கள். கயிறு கட்டி அமுக்குகிற வீரர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தெறித்தால் தாடை இருக்காது. நான் கடையிலேயே மெஷினில் வைத்து, ஷாக் அப்சார்பரோடு பூட்டித்தான் வாங்கிவந்தேன்.

வாசலில் வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினேன். பின் சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும், தூக்கியபின் தளர்த்தினால் வண்டி ஆடும். தூக்கியதும் கட்டை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகிறவனுக்கு நான் மாலை வாங்கமாட்டேன், அறைதான் விடுவேன். பிறகு இறுகியிருக்கும் எல்லாப் போல்ட்டுகளின் மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். மறுநாள் இன்னொரு தடவை எண்ணெய். இறுகிய போல்ட்டுக்கு முதல் மருந்து சும்மா விடுவதுதான். இதை இளசுகளால் தாங்கவே முடியாது.

இடது பக்கம் பெரிய தகராறு செய்யவில்லை. பானெட்டைத் திறந்து மேல் நட்டுகள், கீழே இரண்டு பெரிய போல்ட்டுகள், பிரேக் டியூபைப் பிடித்திருக்கிற கிளிப். சக்கரத் தட்டைக் கவ்வுகிற பிரேக் கேலிபரைக் கழற்றி, டியூபில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டினேன். முனகிக்கொண்டே எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பக்கமும் மேலே புத்தம் புதுக் கருப்பு, உள்ளே பழைய துரு. ஒவ்வொரு போல்ட்டும் கழலக் கழல எனக்கு அந்தப் பட்டறைக்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

வலது பக்கத்துக் குறுக்குப் போல்ட்தான் எமனாக நின்றது. நட்டு வந்துவிட்டது. போல்ட் அசையவில்லை. அது பால் ஜாயின்ட்டின் கழுத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகப் போகிறது. அதை முழுதாக உருவாமல் பால் ஜாயின்ட்டை எடுக்க முடியாது. தலை முறிந்தால் வார்ப்பையே கழற்றி லேத்துக்குத் தூக்க வேண்டும்.

தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர், "ஓங்கி ஒரு போடு போடுங்க, வந்துரும்" என்று யோசனை சொன்னார். சுத்தியல் கையில் இருக்கும்போது யோசனை சொல்கிறவர்களுக்குத் தைரியம் ஜாஸ்தி. நட்டை மறுபடியும் மரையின் நுனியோடு சமமாக வரும்வரை பூட்டினேன். அப்படிச் செய்யாமல் அடித்தால் மரை நுனி காளான் மாதிரி விரிந்து, பிறகு எந்த வழியாகவும் வராது. தலைப்பக்கம் ஆறு முனை சாக்கெட். பன்னிரண்டு முனை போட்டால் வழுக்கித் தலை உருண்டையாகிவிடும். கைப்பிடியில் ஒரு ஜி.ஐ. குழாயை நுழைத்து நீளமாக்கிக்கொண்டு, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை தள்ளினேன். பிறகு கழற்றும் பக்கம்.

திரும்பியது. ஆனால் கத்தவில்லை. மெத்தென்று திரும்பியது.

உடனே கையை எடுத்துவிட்டேன். பஷீர் பாய் பக்கத்தில் நின்று அதட்டியது போலவே இருந்தது.

தெருக்கோடியில் ஏ.சி. பழுது பார்க்கிறவரிடம் கேஸ் டார்ச் வாங்கிவந்தேன். சுற்றி வழிந்திருந்த எண்ணெயையெல்லாம் துணியால் துடைத்தேன். பிரேக் டியூபை ஈரச் சாக்கால் சுற்றி மூடினேன். போல்ட்டைச் சூடாக்கக் கூடாது, அதைச் சுற்றியுள்ள வார்ப்பைச் சூடாக்க வேண்டும். துளை விரிய வேண்டும், போல்ட் விரியக் கூடாது. சூடு ஏறியதும் டார்ச்சை அணைத்து, பூஜை அறையிலிருந்து எடுத்துவந்த மெழுகுவத்தியைப் போல்ட்டின் ஓரத்தில் வைத்தேன். உருகிய மெழுகை அந்த இடுக்கு தானாக உறிஞ்சிக்கொண்டது. தலையில் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டினேன். மறுபடியும் இறுக்கும் பக்கம், கழற்றும் பக்கம். ஆற விட்டேன். மறுபடியும் சூடு, மெழுகு, தட்டு.

கவிதா வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் அது கத்தியது. கீச்சென்று ஒரு சத்தம். தெருக்கோடிவரை கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி, எண்ணெய் விட்டு, நுனியில் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டி உருவினேன். முழுசாக வந்தது. நடுவில் துருத் தின்று இடுப்பு சிறுத்திருந்தது. தலையின் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் கருப்புப் பெயிண்ட் மிச்சம்.

பழைய ஆர்மைக் கழற்றி, கவிதாவின் கையில் கொடுத்து, பால் ஜாயின்ட்டை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு விரலால் தள்ளினாள். செத்த கோழியின் கழுத்து மாதிரி சாய்ந்தது.

"இதுலயா பாப்பாவ வெச்சு ஓட்டினேன்?" என்றாள்.

புதியதை மாட்டுவது சொல்லும்படியான வேலை இல்லை. ஒன்றே ஒன்று. ஆர்மின் உள்பக்கத்து ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி தூக்கியிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். சக்கரம் மாட்டி, வண்டியின் பாரம் தரையில் இறங்கியபின் இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மறுநாள் கவிதாவுக்கு விடுமுறை. சக்கர அலைன்மென்ட் பார்க்க அவளோடு தஞ்சாவூர் போனேன். திரும்பும் வழியில் அந்தப் பட்டறையில் நிறுத்தச் சொன்னேன். "நீ வண்டியிலயே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த தண்டையும் போல்ட்டையும் பட்டறைக்காரரின் மேசைமேல் வைத்தேன்.

"ஆடியில எல்லாம் புதுசா மாத்துனீங்களாமே. உளுந்துச் செடியும் புதுசா வாங்கிச் சுத்துனீங்களா?"

அந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். போல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மழுப்புவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, எங்கிட்ட சத்தம் போடாதீங்க. உங்க மாப்பிள்ளையப் போயிக் கேளுங்க. எல்லாம் போயிருச்சு, ரெண்டு நாள் வண்டி நிக்கணும்னு நான்தான் சொன்னேன். நடவு நேரம், நாத்து ஏத்தணும், உரம் ஏத்தணும், வண்டிய நிறுத்த முடியாதுன்னாரு. சத்தம் மட்டும் வராம கிரீஸ் அடைச்சுக் குடுங்கன்னாரு. எங்க அத்தை மெக்கானிக்கு, கண்ணுக்கட்டப் பிரிச்சதும் முதல்ல வண்டிக்கு அடியிலதான் எட்டிப் பாப்பாங்க, அதனால கருப்பு அடிச்சுடுங்க, தெரியவா போகுதுன்னாரு. அடிச்சுக் குடுத்தேன்."

தெரியவா போகுது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை. அன்றைக்கு ஊர் பேர் தெரியாத பயணிகளைப் பற்றிச் சொன்னது. இன்றைக்கு என் கண்ணுக்காகவே ஒருவர் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"அவரு கேட்டா நீங்க அடிச்சுக் குடுத்துடுவீங்களா? போயிருச்சுன்னு தெரிஞ்சே வெளிய விட்டீங்களே, அதுல ஒரு பொண்ணும் பச்சப் புள்ளையும் போறாங்கன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் திரும்பினேன். கவிதா வாசலில் நின்றிருந்தாள். எந்த வார்த்தையிலிருந்து கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு வந்து போல்ட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

வீடு வரைக்கும் அவள் அந்தக் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினாள். பாலங்களின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு அமைதியாக வண்டி ஓடியது. என் கை வேலையைப் பற்றி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது.

எங்கள் தெரு முனையில் சாலையை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தது. நடுவில் மாப்பிள்ளை, கையில் கவைக்கோலோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? சத்தமே இல்லையே. அத்தை கையின்னா சும்மாவா! அப்படியே மேல ஏத்தி நாலு நடை ஓட்டிரு கவிதா."

கவிதா செடிக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டாள். இறங்கினாள். நானும் இறங்கினேன். மாப்பிள்ளை முன்னால் சத்தமாகப் பேசாத வாய்தான் எனக்கு. அன்றைக்குப் பேசியது.

"மாப்பிள்ளை, பழைய ஆர்ம் கொல்லையில கெடக்கு. அதுக்கு மேல நீங்க அடிக்கச் சொன்ன கருப்பும் அப்படியே இருக்கு. சாயங்காலத்துக்குள்ள நான் திரும்ப மாட்டித் தந்துடுறேன். பாப்பாவ முன் சீட்டுல உக்கார வெச்சுக்கிட்டு, எல்லாப் பாலத்தையும் தாண்டித் தஞ்சாவூர் போயிட்டு வாங்க. வந்து, நல்லா ஓடுது அத்தைன்னு சொல்லுங்க. நான் என் பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுறேன்."

முன்பு இதற்குப் பதிலாக எனக்கு ஒரு சிரிப்பும் ஒரு மாற்றல் உத்தரவும் கிடைத்தன. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கவிதாவைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நடவு நேரம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பிறகு வண்டி போவதற்கு வழி விட்டு, செடியைச் சாலையோரத்துக்குத் தள்ள ஆரம்பித்தார். முழுவதும் தள்ளி முடிக்கிறவரை கவிதா வண்டியில் ஏறவில்லை.

இந்த வருடத்து உளுந்தை வாடகை டிராக்டர் வைத்து அடித்தார்கள். நான் பெட்டியை எடுக்கவில்லை. இப்போதும் மாப்பிள்ளை வந்தால் எழுந்துகொள்கிறேன், "சாப்பிடுங்க" என்கிறேன்.

அந்தப் போல்ட்டை ஒரு கம்பி வளையத்தில் கோத்து, கார்ச் சாவியோடு கவிதா சேர்த்துவிட்டாள். கூடத்து ஆணியில் தொங்குகிறது. சாவியை எடுக்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். துரு கையில் ஒட்டுகிறது என்று மாப்பிள்ளை ஒருநாள் முணுமுணுத்தார். துருவையெல்லாம் எமரி காகிதம் போட்டு நானே தேய்த்துக் கொடுத்தேன். தலையில் இருக்கிற கருப்பை மட்டும் தேய்க்கவில்லை. அது அவர் பார்ப்பதற்காக அடிக்கச் சொன்னது இல்லை, நான் பார்ப்பதற்காக. நான் பார்த்துவிட்டேன். இனி அவர் பார்க்கட்டும்.